ஆட்டுக் கம்பளியில் குயில்ட் உள்அடுக்கு: கையால் செய்யும் முறை

குயில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் சூட்டைப் பிடித்து வைக்கும் ஓர் அடுக்கு. அந்த நடு அடுக்கைத்தான் தைப்பவர்கள் பேட்டிங் என்கிறார்கள். இங்கே அதை உள்அடுக்கு என்றே சொல்வோம். பாலியெஸ்டரிலும் பருத்தியிலும் இது சுருள் சுருளாக விற்பனைக்கு வருகிறது. ஆட்டுக் கம்பளியில் வேண்டுமென்றால் இயந்திரம் எதுவும் இல்லாமல், சோப்புத் தண்ணீரும் இரண்டு கையும் கொண்டே செய்துகொள்ளலாம்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போர்வையில் சூட்டைக் காப்பது இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. உதிரிக் கம்பளியை அப்படியே பரப்பித் தைத்தால் காற்று நிறைய இருக்கும், ஆனால் நாலு முறை உதறினால் கம்பளி மூலைக்கு ஒதுங்கிக் கட்டி கட்டியாகிவிடும். அதையே ஈரத்தில் தேய்த்து இழைகளை ஒன்றோடொன்று பின்னவைத்து, அதாவது முழுக்க ஃபெல்ட் ஆக்கினால் இடம் பெயராது, ஆனால் காற்றெல்லாம் வெளியேறி அட்டைபோல விறைத்துவிடும். தொப்பிக்கும் செருப்புக்கும் அது சரி, போர்வைக்கு ஆகாது. நமக்கு வேண்டியது பாதி ஃபெல்ட். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் பிய்யாமல் தொங்க வேண்டும். உள்ளங்கையால் அமுக்கிவிட்டு எடுத்தால் மறுபடி எழும்ப வேண்டும். இந்த இரண்டும் ஒன்றாக இருக்கும் நேரத்தில் கையை நிறுத்தத் தெரிந்துவிட்டால் இந்த வேலை வசப்பட்டுவிடும்.

கம்பளி ஏன் சடைபிடிக்கிறது

கம்பளி இழையின் மேல் மீன் செதில்போலச் சின்னச் செதில்கள் அடுக்கியிருக்கின்றன. எல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்தவை. அதனால் இழையை அசைத்தால் அது வேர்ப்பக்கமாகத்தான் நகரும், திரும்பி வராது. ஈரமும் சூடும் இழையை இளக்கும், சோப்பு வழுக்கிக் கொடுக்கும், நாம் தேய்க்கிற தேய்ப்பில் ஒவ்வொரு இழையும் பக்கத்து இழைக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். தலைமயிர் சடைபிடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஃபெல்ட் என்பது அளவோடு சடைபிடிக்க வைப்பது. சடைபிடித்த கம்பளியைப் பழையபடி பிரிக்க முடியாது. ஆகவே போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் தேய்க்கலாம், அதிகமாகிவிட்டால் திருத்த வழியில்லை.

எந்தக் கம்பளி

மெல்லிய கம்பளி விரைவாகச் சடைபிடிக்கும். மெரினோ இனத்து ஆட்டின் இழைத் தடிமன் பெரும்பாலும் 24 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே இருக்கும், சில நிமிடம் கவனம் தவறினாலும் பாதி நிலையைத் தாண்டிவிடும். சஃபோக், டார்செட் போன்ற இனங்களின் கம்பளி பந்துபோல எழும்பும் தன்மை கொண்டது, ஆனால் சடைபிடிக்கவே மறுக்கும். புதியவர்களுக்கு நடுத்தரம்தான் நல்லது: 25 முதல் 30 மைக்ரான், கற்றையின் நீளம் 6 முதல் 10 செ.மீ. கொரிடேல் இதற்குப் பொருத்தமான இனம். 35 மைக்ரானுக்கு மேலே போனால் முரட்டு மயிர் துணியைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டு தோலில் குத்தும்.

இனத்தின் பெயர் தெரியாத கம்பளி கிடைத்தால் மூன்று சோதனை போதும்.

முதலில், பென்சில் தடிமனில் ஒரு கற்றையை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து, காதருகே வைத்துச் சுண்டி இழுங்கள். 'டங்' என்று சுத்தமாக ஒலித்தால் நல்ல இழை. பொடிப்பொடியாக நொறுங்கும் ஓசை கேட்டால் இழை நடுவில் பலவீனமானது, வாரும்போதே அறுந்து தூளாகும். ஆடு நோயில் கிடந்த காலத்திலோ தீவனம் குறைந்த காலத்திலோ வளர்ந்த பகுதி இப்படி மெலிந்துவிடும்.

இரண்டாவது, சில இழைகளைத் தனியே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சும் கரி விரலில் நசுங்கும். உருகிக் கெட்டி மணியாக நின்றால் செயற்கை இழை கலந்திருக்கிறது.

மூன்றாவதுதான் முக்கியம். கழுவிய கம்பளியில் 2 கிராம் எடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே லேசாக உருட்டுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இறுகிய உருண்டை ஆனால் நம் வேலைக்கு ஆகும். பத்து நிமிடம் ஆகியும் பிதுங்கிப் பிரிந்தால் அது சடைபிடிக்காத இனம், அல்லது 'சூப்பர்வாஷ்' என்று பதப்படுத்தப்பட்டது. சூப்பர்வாஷ் கம்பளியில் செதில்களை மழுக்கியோ மேலே பூச்சுப் பூசியோ விடுகிறார்கள். அதை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

பழைய ஸ்வெட்டரை இயந்திரத்தில் சுருக்கி உள்அடுக்காக வைக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. வைக்கலாம், ஆனால் அது முழு ஃபெல்ட். கனம் அதிகம், எழும்பாது. மடியில் போட்டுக்கொள்ளும் சிறு விரிப்புக்குப் பரவாயில்லை. பழைய கம்பளி மெத்தையிலிருந்து எடுத்த பஞ்சு வேறு விஷயம். விரலால் இழுத்தால் இழை பிரிந்து வருகிறதென்றால் கழுவி வாரி மறுபடி பயன்படுத்தலாம். இழுத்தால் கட்டியாக வருவதை ஒதுக்கிவிடுங்கள், எந்தச் சீப்பாலும் அது பிரியாது.

கழுவுதல்

கழுவி வாரிய கம்பளியாகவே வாங்கினால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆட்டிலிருந்து கத்தரித்தபடி கிடைக்கும் கம்பளியில் மண், வியர்வை உப்பு, சாணம், லானோலின் என்னும் மெழுகு எல்லாம் சேர்ந்திருக்கும். கழுவியபின் எடை பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடுவது சாதாரணம். மெல்லிய கம்பளியில் மெழுகு அதிகம், இழப்பும் அதிகம்.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் கம்பளியை விரித்துப் போடுங்கள். கழுவாத கம்பளித் தூசியில் விலங்குகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிருமிகள் இருக்கலாம், கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது அதைத் தொட வேண்டாம். சாணம் ஒட்டிய விளிம்பு, வயிற்றுப்பகுதி, பின்தொடையின் முரட்டு மயிர் ஆகியவற்றைப் பிய்த்து எறியுங்கள். 2 செ.மீ.க்கும் குறைவான துண்டு மயிர்களை உதறிக் கொட்டுங்கள். கத்தரிக்கும்போது ஒரே இடத்தில் இரண்டு முறை கத்தரி ஓடியதால் வந்தவை அவை. விட்டுவைத்தால் பின்னால் குறுணை குறுணையாகத் திரளும்.

லானோலின் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸில் உருகும். அதனால் கழுவும் தண்ணீர் 60 டிகிரி இருக்க வேண்டும், 45-க்குக் கீழே ஆறுவதற்குள் கம்பளியை வெளியே எடுத்துவிட வேண்டும். ஆறவிட்டால் கரைந்த மெழுகு திரும்பவும் இழையில் படியும். இரண்டாவது முறை படிந்த மெழுகை எடுப்பது முதல்முறையைவிடக் கடினம். சமையலறைத் தெர்மோமீட்டர் ஒன்று கட்டாயம் தேவை. கையை விட்டுப் பார்த்து 60 டிகிரியைக் கணிக்க முடியாது, சுட்டுவிடும்.

ஒரு கிலோ கழுவாத கம்பளிக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர். கம்பளியை அரைக் கிலோ வீதம் வலைப்பையில் தளர்வாகப் போடுங்கள். முதலில் தண்ணீரை நிரப்பி, பாத்திரம் கழுவும் திரவம் மூன்று மேசைக்கரண்டி கலந்து, அதன்பிறகு பையை மெல்ல இறக்கி அமிழ்த்துங்கள். கம்பளியின் மேல் குழாயைத் திறந்துவிடாதீர்கள். தண்ணீர் விழும் வேகமே அதைச் சடைபிடிக்க வைத்துவிடும். 20 நிமிடம் ஊறட்டும். கலக்காதீர்கள், கசக்காதீர்கள், திருப்பிப் போடக்கூட வேண்டாம். பையைத் தூக்கித் தண்ணீர் வடியவிட்டு, அதே சூடான புதுத் தண்ணீரில் பாதி அளவு திரவத்தோடு மறுபடி ஊற வையுங்கள். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று சோப்புத் தண்ணீர், இரண்டு வெறும் தண்ணீர் போதும். ஒவ்வொரு தண்ணீருக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். சலவைச் சோடா வேண்டாம். காரம் கம்பளியை அரிக்கும். குளோரின் பிளீச் கம்பளியைக் கரைத்தே விடும்.

மெழுகு போய்விட்டதா என்று பார்க்க, காய்ந்த கம்பளியில் ஒரு கொத்தை வெள்ளைக் காகிதத்துக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தின் கீழ் ஒரு மணி நேரம் விடுங்கள். காகிதத்தில் எண்ணெய்ப் புள்ளி தெரிந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும். மெழுகோடு போர்வைக்குள் போன கம்பளி நாளாக நாளாக மஞ்சளாகும், ஈரக்காலத்தில் ஆட்டு வாடை அடிக்கும், பூச்சியையும் அழைக்கும்.

பிழியாமல் வடியவிட்டு, வலைமேல் பரப்பி நிழலில் காயவையுங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தில் பையோடு போட்டுச் சுழற்ற மட்டும் செய்யலாம், தண்ணீர் விடும் சுற்று ஓடக்கூடாது.

பிய்த்து வாருதல்

காய்ந்த கம்பளியைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, பஞ்சைப் பன்னுவதுபோல விரலால் பக்கவாட்டில் பிரித்துவிடுங்கள். விதை, புல், முள் எல்லாம் கீழே உதிரும். இதில் சோம்பல் பட்டால் வாரும்போது இரட்டிப்பு நேரம் போகும்.

பிறகு இரண்டு கம்பிச் சீப்புகளால் வாருங்கள். ஒரு சீப்பின் பரப்பு முழுக்க மெல்லிதாக, அடியிலுள்ள கம்பி தெரிகிற அளவுக்கே கம்பளியைப் பூட்டுங்கள். மற்றச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல உள்ளே போக வேண்டும். கம்பியோடு கம்பி உரசக்கூடாது, கம்பளி மட்டும்தான் இழுபட வேண்டும். மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி வாரினால் மேகம்போல ஒரு தாள் கிடைக்கும். உருளை வாரியில் செய்தால் வேலை சுருக்கம், பெரிய தாளாகவும் வரும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கடுகுபோல முடிச்சுகள் தெரிந்தால் கம்பளியை அதிகமாகப் பூட்டி வேகமாக இழுத்திருக்கிறீர்கள், அல்லது குட்டை மயிர் கலந்திருக்கிறது.

எவ்வளவு வேண்டும்

கண்மதிப்பில் செய்து கெடுவது இந்த இடத்தில்தான். எடைபோடும் தராசும் அளவுநாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்அடுக்கை ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கணக்கிடுவது வழக்கம். மெல்லிய போர்வைக்கு 150 கிராம், நடுத்தரத்துக்கு 250, கடுங்குளிருக்கு 400. முதல்முறை செய்பவர்கள் 250 வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே போனால் மெலிந்த இடங்கள் எளிதில் ஓட்டையாகும், மேலே போனால் தைக்கும்போது ஊசி எளிதில் இறங்காது.

அடுத்தது சுருக்கம். பாதி ஃபெல்ட் ஆகும்போது நீளத்திலும் அகலத்திலும் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். உங்கள் கம்பளி எவ்வளவு சுருங்கும் என்பதை மாதிரித் துண்டு மட்டுமே சொல்லும். 30 செ.மீ. சதுரத்தில் 14 கிராம் கம்பளியைப் பரப்பி, கீழே சொல்லும் முறையில் முழுவதும் செய்து, காயவைத்து அளந்து பாருங்கள். 24 செ.மீ. ஆகிவிட்டால் சுருக்கம் 20 சதவீதம். அப்போது ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 243 கிராம் வருகிறது, நமக்கு வேண்டிய அளவுதான். பரப்பும்போது மெல்லிதாகத் தெரிவது சுருங்கியபின் கனமாகும் என்பதை இந்தச் சின்னத் துண்டே புரியவைத்துவிடும். எடை, சுருக்கம், உருட்டிய எண்ணிக்கை மூன்றையும் ஒரு தாளில் எழுதி அந்தத் துண்டோடு குத்தி வையுங்கள்.

இப்போது 150-க்கு 200 செ.மீ. குயில்ட் ஒன்றுக்குக் கணக்கு. தைத்தபின் ஓரம் வெட்ட நான்கு பக்கமும் 5 செ.மீ. கூட்டினால் 160-க்கு 210. இதை ஒரே தாளாகச் செய்ய இரண்டு மூன்று பேர் வேண்டும், தரை முழுக்கத் தண்ணீராகும். ஆறு துண்டாகப் பிரியுங்கள்: அகலத்தில் இரண்டு, நீளத்தில் மூன்று. ஒரு துண்டு 80-க்கு 70. ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார 5 செ.மீ. சேர்த்தால் 85-க்கு 75. இருபது சதவீதச் சுருக்கத்துக்கு இவற்றை 0.8-ஆல் வகுத்தால் 106-க்கு 94 செ.மீ. அதுதான் பரப்ப வேண்டிய அளவு. எடை 160 கிராம், ஆறு துண்டுக்கு 960 கிராம். வாரும்போது வீணாவதையும் சேர்த்துச் சுத்தமான கம்பளி 1.1 கிலோ, கழுவாததென்றால் 2 கிலோவுக்குச் சற்று மேலேயே எடுத்து வையுங்கள். பாதியில் தீர்ந்துபோய் வேறொரு ஆட்டின் கம்பளியைச் சேர்த்தால் அந்தத் துண்டு மட்டும் வேறு மாதிரி சுருங்கும்.

பரப்புதல்

மேசையின் மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் குமிழ் மேலே பார்க்கும்படி பபிள் ராப். 106-க்கு 94 என்ற அளவை அழியாத மையால் அதிலேயே கோடிட்டுக்கொள்ளுங்கள்.

160 கிராமை 40 கிராம் வீதம் நாலாகப் பிரித்துத் தனித்தனியே வையுங்கள். முதல் அடுக்கில் இழையெல்லாம் நீளவாக்கில், இரண்டாவதில் அகலவாக்கில், மூன்றாவது மறுபடி நீளவாக்கில், நாலாவது அகலவாக்கில். வாரிய தாளின் நுனியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் மெல்ல இழுத்தால் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய இறகு பிரிந்து வரும். அந்த இறகுகளைக் கூரை ஓடு வேய்வதுபோல ஒன்றின் பாதியை மற்றது மூடும்படி வையுங்கள். கத்தரியால் வெட்டாதீர்கள், வெட்டிய முனை அடுத்த இழையோடு பின்னாது.

ஓரத்தில் கடைசி 6 செ.மீ. மட்டும் இரண்டு அடுக்கோடு நிற்கட்டும். பின்னால் பக்கத்துத் துண்டு அதன்மேல் ஏறும்போது கனம் சரியாகிவிடும். குயில்டின் வெளி ஓரமாக வரப்போகும் பக்கத்துக்கு இது தேவையில்லை, அங்கே கோடுவரை முழுக் கனத்தில் பரப்புங்கள்.

பரப்பி முடித்ததும் கண்ணை நம்பாமல் கையால் பாருங்கள். உள்ளங்கையை விரித்து மேலே வைத்து லேசாக அமுக்கிக்கொண்டே நகர்ந்தால், மெலிந்த இடத்தில் அடிக்குமிழ் கையில் தட்டுப்படும். அங்கே ஒரு சிட்டிகை இறகு சேருங்கள். நனைத்தபின் சேர்ப்பது சரியாக ஒட்டாது.

நனைத்துத் தேய்த்தல்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் துருவிய சோப்பு. தேங்காயெண்ணெய் அல்லது ஆலிவ் எண்ணெயில் செய்த சாதாரணக் குளியல் சோப்பு போதும். தண்ணீர் 40 டிகிரி. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மேல்தோல் மட்டும் சட்டென்று இறுகி, உள்ளே உதிரியாகவே நின்றுவிடும். அவசரப்பட்டவர்களின் உள்அடுக்கு பிற்பாடு இரண்டு தாளாகப் பிரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கம்பளியின் மேல் கொசுவலைத் துணியை விரியுங்கள். நடுவிலிருந்து தொடங்கித் தண்ணீரைத் தெளியுங்கள். ஆரம்பத்துக்கு அரை லிட்டர் போதும். கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். எழும்பி நின்ற கம்பளி தட்டையாகப் படிந்து, எங்கும் ஒரே நிறமாக ஈரம் தெரிய வேண்டும். வெளுப்பாகத் தெரியும் இடத்தில் இன்னும் காற்று இருக்கிறது. தண்ணீர் குளமாகத் தேங்கினால் இழைகள் மிதந்து விலகிப்போகும், துண்டால் ஒற்றி எடுத்துவிடுங்கள். நுரை பொங்கினாலும் கெடுதல்தான். நுரை இழைகளுக்கு நடுவே மெத்தைபோல நின்று உரச விடாது. சோப்பு குறைந்தால் கை வழுக்காமல் இழையை இழுத்துக் குவிக்கும்.

விரல் நுனியால் முதல் இரண்டு நிமிடம் சும்மா அதிர்வு கொடுப்பதுபோல அசையுங்கள். பிறகு உள்ளங்கையால் சிறு வட்டங்கள், கனமில்லாமல், ஐந்து நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வலையின் ஒரு மூலையிலிருந்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். இழை வலைக்குள் நுழைந்து ஒட்டியிருந்தால், கம்பளியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து வலையை உரித்தெடுங்கள். இதை மறந்து பத்து நிமிடம் தேய்த்தால் வலையும் கம்பளியும் ஒரே துணியாகிவிடும். பிறகு துண்டைப் புரட்டிப் போட்டு மறுபக்கமும் இதையே செய்யுங்கள்.

உருட்டுதல், எங்கே நிறுத்துவது

4 அல்லது 5 செ.மீ. தடிமனுள்ள மரக்கட்டையையோ பிளாஸ்டிக் குழாயையோ எடுத்து, பபிள் ராப், கம்பளி, வலை மூன்றையும் சேர்த்துச் சுருட்டுங்கள். இரண்டு இடத்தில் நாடாவால் கட்டி, முன்கையால் முன்னும் பின்னும் உருட்டுங்கள். முன்னே போய்த் திரும்பி வருவது ஒரு கணக்கு. ஐம்பது உருட்டியதும் பிரித்து, சுருக்கங்களை நீவிவிட்டு, கால் சுற்றுத் திருப்பி மறுபடி சுருட்டுங்கள். நாலு திசைக்கும் ஐம்பது வீதம் இருநூறு. உருட்டும் திசையில்தான் அதிகம் சுருங்கும், ஆகவே எந்தத் திசையையும் விட்டுவிடக்கூடாது. மடிந்த சுருக்கத்தை நீவாமல் உருட்டினால் அது அப்படியே தழும்பாகப் பின்னிக்கொள்ளும்.

இருநூறு முடிந்ததும் ஒவ்வொரு இருபதுக்கும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். மேற்பரப்பில் நாலைந்து இழையை விரல் நுனியால் கிள்ளித் தூக்குங்கள். அந்த இழைகள் மட்டும் தனியாக வந்தால் இன்னும் ஆகவில்லை. கிள்ளிய இடத்தைச் சுற்றியுள்ள பரப்பும் கூடவே சின்னக் கூடாரம்போல எழுந்து வந்தால் பின்னிக்கொண்டது என்று பொருள். ஓரத்தில் கட்டை விரலும் சுட்டு விரலும் கொண்டு மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் எதிரெதிராக வழுக்கிப் பாருங்கள். தனித்தனியே நழுவக்கூடாது. பிறகு இரண்டு மூலைகளைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுங்கள். ஈரக் கனத்தோடு தொங்கியும் கிழியாமல் இருந்தால் சரி. அளவுநாடாவில் பார்த்தால், 106 செ.மீ. இருந்த பக்கம் 85-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும்.

இங்கே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் உறுதியாகட்டுமே என்று தோன்றும், அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாகத் தெரியத் தொடங்கினால் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்தத் துண்டு காய்ந்தபின் எழும்பாது. மாதிரித் துண்டில் வேண்டுமென்றே அந்தக் குழிகள் வரும்வரை ஒருமுறை உருட்டிப் பாருங்கள். 14 கிராம் கம்பளி செலவில் கை அந்த எல்லையைக் கற்றுக்கொள்ளும்.

அலசிக் காயவைத்தல்

வெதுவெதுப்பான தண்ணீரில் வலையோடு சேர்த்து அமிழ்த்தி, அமுக்கி அமுக்கி அலசுங்கள். நுரை நின்றபின் கடைசித் தண்ணீரில் 5 லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து பத்து நிமிடம் விட்டால் சோப்பின் காரம் தணியும். காரம் தங்கிய கம்பளி நாளடைவில் மொரமொரப்பாகும். முறுக்கிப் பிழியாதீர்கள். உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, அதன்மேல் முழங்காலால் அழுத்துங்கள்.

வலை கட்டிய சட்டத்தின் மேல் தட்டையாகப் போட்டு, ஓரங்களை இழுத்து நேராக்கி நிழலில் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். முக்கால்வாசி காய்ந்ததும் எடுத்து எல்லாப் பக்கமும் லேசாக உதறி, மெல்லிய குச்சியால் தட்டிக் கொடுங்கள். தட்டையாகப் படிந்த இழைகள் நிமிர்ந்து, காற்று திரும்ப உள்ளே போகும். பாதி ஃபெல்ட் ஆனதற்கு மட்டுமே இந்த எழுச்சி உண்டு.

காய்ந்தபின் வெளிச்சத்தில் ஏதாவது இடம் மெலிந்து தெரிந்தால், கீழே தடித்த ஸ்பான்ஜை வைத்து, கொக்கிவெட்டுள்ள ஃபெல்ட் ஊசியால் உதிரிக் கம்பளியைக் குத்திச் சேர்க்கலாம். ஊசியை நேராக இறக்கி நேராக எடுங்கள், சாய்த்தால் முனை ஒடியும். ஒடிந்த முனையைக் கண்டெடுக்காமல் அந்தத் துண்டைப் பயன்படுத்தவே கூடாது.

சேர்த்துத் தைத்தல்

ஆறு துண்டையும் தரையில் அடுக்கி, மெலிந்த ஓரங்களை ஒன்றின்மேல் ஒன்று 5 செ.மீ. ஏற்றி, தளர்வான பெரிய தையலால் இணையுங்கள். நூலை இழுத்துக் கட்டினால் அந்த இடம் வரப்புபோலப் புடைக்கும்.

மேல்துணியையும் அடித்துணியையும் முன்னரே துவைத்துச் சுருக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நெருக்கமாக நெய்த பருத்தித்துணி வேண்டும். நெசவு தளர்ந்திருந்தால் கம்பளி இழைகள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்க்கும். வெளியே வந்த இழையைப் பிடித்து இழுக்கக்கூடாது, பின்னால் இன்னும் நாலு வரும். துணியின் மறுபக்கத்தை இழுத்து அதை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். துணி அவ்வளவு நெருக்கமில்லை என்றால், உள்அடுக்கை மெல்லிய மஸ்லினுக்குள் உறைபோல வைத்துத் தைத்துவிடுவது நல்லது. கறுப்பு மயிர் கலந்த கம்பளியை வெள்ளைத் துணிக்குள் வைத்தால் நிழலாகத் தெரியும், அதற்கும் இந்த உறை உதவும்.

மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து வெளியே போகும்படி 10 செ.மீ. இடைவெளியில் தற்காலிகமாக ஓடவிட்டுப் பிடித்துக்கொண்டு, பிறகு நிரந்தரத் தையல் போடுங்கள். வரிசைகளுக்கு நடுவே 8 முதல் 10 செ.மீ. இருக்கலாம். உங்கள் துண்டுகள் சற்று உதிரியாகவே நின்றிருந்தால் 6 செ.மீ. ஆக்குங்கள். தையலுக்குப் பதிலாக 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சு போட்டும் நிறுத்தலாம், காற்று அதிகம் தங்கும். துண்டுகள் சேரும் இடத்தின் மேல் ஒரு வரிசைத் தையல் கட்டாயம் ஓட வேண்டும்.

பூச்சியும் துவைப்பும்

கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. வாசனைப் பொருள்கள் பூச்சியைக் கொஞ்சம் விலக்கும், ஏற்கெனவே இட்ட முட்டையைக் கொல்லாது. சந்தேகம் இருந்தால் தைப்பதற்கு முன்பே உள்அடுக்கைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் அறையின் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் கம்பளியில் ஈரம் படியும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டும் கைக்கு உலர்ந்ததுபோலவே தோன்றும். அதனால் மடித்து வைப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் காற்றாட விரித்துப் போடுங்கள்.

பாதி ஃபெல்ட் ஆன கம்பளி மீதிப் பாதிக்கு எப்போதும் தயாராகவே இருக்கும். சூடு, சோப்பு, அசைவு மூன்றும் சேர்ந்தால் குயில்டுக்குள்ளேயே அது சுருங்கி, மேல்துணி கொசகொசவென்று நிற்கும். ஆகவே அடிக்கடி துவைக்க வேண்டாம், காற்றில் உதறிப் போட்டாலே பெரும்பாலான வாடை போய்விடும். துவைத்தே ஆகவேண்டுமென்றால் 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீரில், கம்பளிக்கென்று விற்கும் திரவத்தில் பத்து நிமிடம் ஊறவைத்து, கைகளால் அமுக்கி மட்டும் எடுங்கள். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும். என்சைம் கலந்த சலவைத்தூள் வேண்டாம். புரதக் கறையைத் தின்னும் என்சைமுக்குக் கம்பளியும் புரதம்தான். தண்ணீரிலிருந்து தூக்கும்போது கனத்தில் தையல் அறுந்துவிடாமல் இரண்டு கையையும் அடியில் கொடுத்து ஏந்தி எடுங்கள்.